இரண்டு துளை போட்ட விருது

விருதுக் கடிதம் வந்த அன்றே நான் சுவரில் ஆணி அடித்துவிட்டேன். படங்களுக்கு ஃபிரேம் போடுவது என் தொழில். ஊரில் பாதி வீட்டுச் சுவர்களில் என் கைவேலை தொங்குகிறது. என் வீட்டில் தொங்குவது ஒரு காலண்டர் மட்டும்தான். அதனால் மனைவிக்கு மனித உரிமைக் காவலர் விருது என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவள் அலட்டிக்கொள்ளவே இல்லை. “ஸ்டூல் குடுக்கறாங்களாமா?” என்று மட்டும் கேட்டாள்.

விஷயமே அந்த ஸ்டூல்தான். மூன்று மாடித் துணிக்கடை ஒன்றின் இரண்டாம் மாடியில் அவள் பதினோரு வருஷம் விற்பனைப் பெண்ணாக இருந்தாள். காலை பத்து மணிக்கு நிற்க ஆரம்பித்தால் கடை சாத்தும்வரை நிற்க வேண்டும். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் சுவரில் சாய்ந்தால்கூட, கேமராவில் பார்த்துவிட்டு மேனேஜர் மாடியேறி வருவார். கெண்டைக்கால் நரம்பு சுருண்டு நீலமாகிப் போன பிறகு, இருபத்திரண்டு பெண்களுக்கும் ஆளுக்கொரு ஸ்டூல் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். மறுநாள் அவளை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். தொழிலாளர் அலுவலகத்தில் மனுப் போட்டாள். வேலையும் வேண்டும், ஸ்டூலும் வேண்டும்.

முதலாளி தரப்பின் பதில் இரண்டே வரி. கடையில் யாரையும் நிற்கச் சொல்வதில்லை. அந்தப் பெண் தானாகவேதான் வேலைக்கு வராமல் இருந்துவிட்டார். அது பொய் என்பதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டார் அதிகாரி. உள்ளே இருக்கும் பெண்கள் சாட்சி சொன்னால் அவர்களும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆக இரண்டு வருஷம், பதினாறு வாய்தா. முதல் இரண்டைத் தவிர மற்ற நாளெல்லாம் அதிகாரி ஏதாவது ஒரு விழாவுக்குப் போயிருப்பார்.

பதினேழாவது வாய்தா விருது விழா நடக்கும் நாளிலேயே வந்து விழுந்தது. விழா மதியம்தானே என்று காலையில் அலுவலகத்துக்குப் போனோம்.

“ஐயா விழாவுக்குக் கிளம்பிட்டாரேம்மா,” என்றார் ப்யூன்.

“இன்னைக்கு என்ன விழா?” என்றேன்.

“ஏதோ மனித உரிமையாம். ஐயாதான் தேர்வுக் குழுத் தலைவர்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. ஃபைல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “வாங்க, அங்கயே போய் அவரைப் பாத்துக்கலாம்,” என்றாள்.

மேடையில் எட்டு சோபாக்கள். ஒன்றில் அதிகாரி. அதற்கு அடுத்ததில் விழாவின் புரவலர், அதாவது துணிக்கடை முதலாளி. விருது வாங்க வந்த ஐந்து பேருக்குத்தான் சோபா இல்லை. “இதோ, இப்பக் கூப்பிட்டுருவோம்,” என்று சொல்லி அவர்களை மேடை ஓரத்தில் வரிசையாக நிற்க வைத்தார்கள். அதன்பிறகு மனிதனின் கண்ணியத்தைப் பற்றி ஏழு பேர் பேசினார்கள். இரண்டரை மணி நேரம். நான் கீழே மெத்தை நாற்காலியில் உட்கார்ந்து, அவள் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேரத்தைப் பேச்சே தின்றுவிட்டதால், விருதுப் பத்திரங்களை வாசிக்காமல் ஆட்களை மட்டும் கூப்பிட்டார்கள். முதலாளி என் மனைவி கையில் பத்திரத்தைக் கொடுத்து, புகைப்படக்காரரைப் பார்த்தபடியே, “ஒரு நாள் நம்ம கடைக்கு வாங்கம்மா,” என்றார்.

“பதினோரு வருஷம் வந்தேங்க ஐயா.”

“ரொம்ப சந்தோஷம்,” என்று அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டார்.

அவள் அதிகாரியிடம் குனிந்து, “ஐயா, இன்னைக்கு நம்ம வாய்தா,” என்றாள்.

“ஆபீஸ்ல வந்து பாருங்கம்மா,” என்றார் அவர்.

மறுநாள் காலை பத்திரத்தை என் வேலை மேஜையில் விரித்தேன். விருதுப் பத்திரத்தை யாரும் படிப்பதில்லை. கொடுப்பவருக்கு நேரமில்லை, வாங்குபவருக்குக் கூச்சம். ஃபிரேம் போடுகிறவன் மட்டும் படித்தே ஆக வேண்டும். எழுத்து எங்கே முடிகிறது என்று தெரியாமல் ஓரத்தை வெட்ட முடியாது. விழாக் குழுச் செயலாளர் என் மனைவியின் மனுவைப் பார்த்தே எழுதி, இடையிடையே வர்ணனை சேர்த்திருந்தார். ‘மூன்று மாடித் துணிக்கடையில் நாள்தோறும் பதினொரு மணி நேரம் ஈவிரக்கமின்றி நிற்க வைக்கப்பட்ட இருபத்திரண்டு பெண்களுக்காக இருக்கை கேட்டு, கேட்ட குற்றத்துக்காகவே பணிநீக்கம் செய்யப்பட்ட வீராங்கனை’ என்று இருந்தது. கீழே இரண்டு கையெழுத்து. ஒன்று அதிகாரியுடையது, பழக்க தோஷத்தில் அலுவலக முத்திரையோடு. இன்னொன்று முதலாளியுடையது.

நான் போட்ட சத்தத்தில் அவள் சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். பிறகு என் மேஜை ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“அந்த ஆணியைப் பிடுங்கிருங்க,” என்றாள்.

பதினெட்டாவது வாய்தா அன்று அதிசயமாக எந்த விழாவும் இல்லை. விழா ஆல்பத்தை அதிகாரிக்குக் கொடுக்க முதலாளியே நேரில் வந்திருந்தார். இருந்த இரண்டு நாற்காலிகளில் இருவரும் உட்கார்ந்து படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தேக்கு மரத்தில் போட்ட ஃபிரேமை அவள் ஆல்பத்தின் மேல் வைத்தாள்.

“ஆதாரம் கேட்டீங்களே ஐயா.”

இருவரும் படித்தார்கள். முதல் தடவையாகப் படித்தார்கள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

“இது விழாவுக்கு எழுதினதுங்க,” என்றார் முதலாளி. “விழாவுல சொல்றதெல்லாம் உண்மைன்னு எடுத்துக்க முடியுமா?”

அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. “அப்ப நீங்க கையெழுத்துப் போட்டது பொய்யா ஐயா? பொய்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, விருதைத் திருப்பிக் குடுத்துடறேன்,” என்று அதிகாரியிடம் சொன்னாள்.

அதிகாரி தன் முத்திரையைப் பார்த்தார். ஆல்பத்தைப் பார்த்தார். முதலாளியைப் பார்க்காமல் குமாஸ்தாவைக் கூப்பிட்டு உத்தரவு சொல்ல ஆரம்பித்தார். பதினைந்து நாளுக்குள் இருபத்திரண்டு ஸ்டூல்; அவளுக்குப் பழைய வேலை. இரண்டு வருஷ வழக்கு பத்து நிமிஷத்தில் முடிந்தது.

“ஃபிரேமோட ஃபைல்ல சேராதுங்க,” என்றார் குமாஸ்தா. என் கையாலேயே பின்பக்க ஆணிகளைக் கழற்றினேன். ஒரு தாளில் குண்டூசி பட்டால்கூடத் தாங்காதவன் நான். என் கண் முன்னாலேயே குமாஸ்தா துளை போடும் கருவியில் பத்திரத்தைச் செருகி ஒரு அழுத்து அழுத்தினார். ‘வீராங்கனை’யின் முதல் எழுத்து போயே போய்விட்டது.

உத்தரவில் கையெழுத்துப் போட்ட பெருந்தன்மையில் அதிகாரி நிமிர்ந்து, “உக்காருங்கம்மா, ஏன் நின்னுட்டே இருக்கீங்க?” என்றார். பதினெட்டு வாய்தாவில் அந்த அறையில் அவளிடம் யாரும் சொல்லாத வார்த்தை. ப்யூனை ஒரு ஸ்டூல் எடுத்துவரச் சொன்னார். ப்யூன் மூன்று அறைக்குப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பினார்.

“ஸ்டூல் இல்லீங்க ஐயா. நாங்க யாரும் உக்கார்றதில்லியே.”

அவள் ப்யூனின் கால்களைப் பார்த்தாள். “எத்தனை வருஷமாண்ணே?”

“வர்ற மாசம் வந்தா இருபத்தாறும்மா.”

அவள் பையைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். காலி ஃபிரேமை என்னிடமிருந்து வாங்கி, அதன் அட்டையின் மேல் தாளை வைத்துக்கொண்டு, “மொத்தம் எத்தனை பேர் இருக்கீங்க?” என்று கேட்டு, நின்றபடியே எழுத ஆரம்பித்தாள்.