எதிர்த்தவனும் தலையாட்டியவனும்

சுரங்கப்பாதையின் கூரை சரிந்தபோது காலை பத்து மணி இருக்கும். உள்ளே அகப்பட்டது நான்கு பேர்: மேஸ்திரி, அவருடைய மச்சினன், வெல்டர், பம்பு ஓட்டும் நான். விழுந்த இரும்புச் சட்டம் மேஸ்திரியின் காலை நொறுக்கியிருந்தது. எரிகிற டார்ச் ஒன்றுதான் மிச்சம். எங்கோ குழாய் உடைந்து தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

"யாரும் அசையாதீங்க. இங்கதான் தேடுவாங்க," என்றார் மேஸ்திரி.

வெல்டர் ஒப்புக்கொள்ளவில்லை. "தண்ணி முட்டிக்கு வந்தாச்சு. பக்கத்துக் குடைவு மேடாப் போகுது. அங்க ஏறிடலாம்."

"அங்க கூரைக்கு முட்டுக் கொடுக்கல. இருபது வருஷமா இதே வேலை பாக்குறேன். எனக்குப் பாடம் எடுக்காத."

"உங்களால நடக்க முடியல. அதுக்காக எங்க காலையும் கட்டிப் போடுறீங்க."

மேஸ்திரியின் முகம் சுருங்கியது. "மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றபடி மச்சினன் தன் சட்டையைக் கிழித்து அவர் காலுக்குக் கட்டுப் போட்டான். பிறகு என் காதருகே வந்தான். "ரெண்டு பேரும் அடிச்சுக்கட்டும். வாசல் பக்கம் இடிபாட்டுல சந்து ஏதாவது இருக்கும். டார்ச்ச எடுத்துக்கிட்டு நழுவிடலாம். வர்றியா?"

எனக்கு அவனோடு போகவும் மனமில்லை, காட்டிக்கொடுக்கவும் துணிவில்லை.

மேஸ்திரி வலியில் கண்ணயர்ந்த நேரத்தில் வெளிச்சம் எங்களைவிட்டு விலகிப் போனது. வெல்டர் மச்சினனைக் கூப்பிட்டுப் பார்த்தான். தண்ணீரில் அவசரமாக நடக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"மேஸ்திரி, என் கழுத்தைக் கட்டிக்கோங்க."

"விடுடா. நீ போ."

"திட்டுறத மேல வந்து திட்டுங்க."

அவரை முதுகில் சுமந்துகொண்டு அவன் பக்கத்துக் குடைவின் மேட்டுக்கு நடந்தான். அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு இருட்டில் நான் பின்னால் போனேன். மறுநாள் மேலிருந்து துளை போட்டு எங்களைத் தூக்கினார்கள். மச்சினன் வாசலுக்கு முந்தைய பள்ளத்தில் மூழ்கிக் கிடந்தான்.

ஆஸ்பத்திரிக்கு விசாரணை அதிகாரி வந்தார். கட்டிலருகே மேஸ்திரியின் மனைவி, தம்பியைப் பறிகொடுத்தவள், அழுது வீங்கிய கண்களோடு நின்றாள். மேஸ்திரி அவளைப் பார்க்காமல் பேசினார்.

"உதவி கேக்கச் சொல்லி மச்சினனை நான்தான் அனுப்பினேன். வெல்டர் என் பேச்சைக் கேக்கல. ஆரம்பத்துலேர்ந்தே எதிர்த்துக்கிட்டு நின்னான்."

அதிகாரி என்னைக் கேட்டார். மேஸ்திரியின் மனைவி என் முகத்தையே பார்த்தாள்.

"இருட்டுல எனக்கு ஒண்ணும் தெரியலீங்க," என்றேன்.

சொல் பேச்சு கேட்காதவன் என்று எழுதி வெல்டரை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். ஹெல்மெட்டை ஒப்படைக்க வந்தவனைக் கம்பெனி வாசலில் பார்த்தேன். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அவர் கால் எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

"முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க."

"அவர்கிட்ட வாதாடிட்டு நிக்காம, முன்னாடியே தூக்கியிருக்கணும்," என்று சொல்லிவிட்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தான்.