கிறகரி போட்ட நீண்ட சுரம்

"அக்கா, இன்னொருக்காப் பிடி. மூச்சு முடியுமட்டும் விடாத."

"காலமை வெள்ளன உனக்கு இதுதான் வேலையோ?"

"உன்ர வாய் சும்மா கிடக்கிறதுதானே."

தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பாடினேன். கண்டிக்குப் பக்கத்து வத்தேகம வீட்டில், லண்டன் மாமா கொண்டுவந்த கணினிக்கு முன்னால் என் தம்பி கிறகரி இருந்தான். படம் தொலைக்காட்சியில் வந்தது. அந்தப் பெட்டியின் சத்தம் நம் ஊர்த் தொலைக்காட்சிக்கு ஒத்துவரவில்லை. அப்பாவின் ரேடியோவைக் கழற்றி, அதற்கு வயர் கொடுத்திருந்தான். மெட்டு அவனுடையது. ஒவ்வொரு சுரத்தையும் எண்ணாகத் தட்டித்தான் ஏற்றவேண்டும். கடைசிச் சுரத்துக்கு மட்டும் என் மூச்சை அளவாக வைத்தான். இரண்டும் ஒன்றாக நிற்கும்வரை எண்ணை மாற்றிக்கொண்டே இருந்தான்.

நின்றன. அந்த எண்களைக் கசெற்றில் பதிந்து எடுத்துக்கொண்டு, "இதைப் பளீலிட்டைக் குடுத்திட்டு வேலைக்குப் போறன்" என்று பஸ்ஸுக்கு ஓடினான். பளீல் அவனுடைய கூட்டாளி.

அது 1983 ஜூலை. கொழும்பில் தொடங்கிய கலவரம் அன்று கண்டிக்கும் வந்தது. அவன் வேலை செய்த ரேடியோக் கடைக்குத் தீ வைத்தபோது அவன் உள்ளே இருந்தான். பின்னேரம் எங்கள் வீட்டையும் எரித்தார்கள். கணினியும் ரேடியோவும் அதோடு போயின.

கசெற் பளீலிடம் இருந்தது. சாதாரண றெக்கோடரில் போட்டால் வெறும் கீச்சொலி. ஆனாலும் அவன் அதை எறியவில்லை. 2008இல், வடக்கில் சண்டை மும்முரமாக நடந்த நாளில், கண்டியிலுள்ள தன் கணினிக் கடைக்கு என்னைக் கூப்பிட்டான். கசெற்றில் இருந்ததைக் கோப்பாக மாற்றியிருந்தான்.

"பழைய கம்ப்யூட்டர் மியூசிக்கெல்லாம் சேக்கிற ஆக்கள் வெளிநாட்டில ஈக்கிறாங்க, டீச்சர். நாளைக்கு அனுப்பப் போறன். பெறகு உலகமெல்லாம் இதைத்தான் கேக்கும்."

மீடியா பிளேயரைத் தட்டினான். அன்று ரேடியோவில் கேட்ட அதே கரகரப்பான ஒலிகள். கண்ணை மூடிக்கொண்டு கடைசிச் சுரத்தில் நானும் சேர்ந்தேன். சுரம் நின்றது, நான் இன்னும் பாடிக்கொண்டிருந்தேன்.

"பளீல், இது ஓடுது. கிறகரி இப்பிடிப் போடேல்ல."

"வயசு போகப் போக எல்லாம் ஓடுற மாதிரித்தான் ஈக்கும்."

"பகிடி விடாத. சுரம் முடிஞ்சும் எனக்கு மூச்சு மிச்சம். இப்பிடியே அனுப்பினா அது அவன்ர பாட்டில்லை."

சிரித்துக்கொண்டே பிளேயரின் அமைப்பைத் திறந்தவன், சிரிப்பை நிறுத்தினான்.

"அல்லாஹ்! இந்தப் பிளேயர் இதை அமெரிக்கா மெஷின் எண்டு எடுத்தீக்கி. அங்க வேகம் கூட. எங்கடது லண்டன் பெட்டியாச்சே."

மாற்றினான். மெட்டு தன் நடைக்கு வந்தது. சாமான் வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"யார்ட மியூசிக்?" என்று ஒருவர் கேட்டார்.

கண்டி வீதிகளில் தமிழைத் தாழ்ந்த குரலில் பேசியே பழகியிருந்தேன். அன்று கடை முழுவதும் கேட்கச் சொன்னேன்: "என்ர தம்பி கிறகரி செய்தது."

கோப்பில் ஆக்கியவருக்கான இடத்தில் பளீல் அவன் பெயரைத் தட்டினான். "டீச்சர், கடைசி வருது, பிடிங்க" என்றான்.

பிடித்தேன். எனக்கு நாற்பத்தெட்டு வயது. சுரம் நின்ற இடத்தில் நான் பிடித்த மூச்சும் முடிந்தது.