பச்சைப் புள்ளி

பாங் கிசோக் விழுந்தது புதன்கிழமை காலையில். எங்களுக்குத் தெரியவந்தது வியாழன் மதியம். இடையில் இருந்த இருபத்தேழு மணி நேரமும் என் திரையில் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அதை அங்கே கொண்டுவந்தவள் நான்.

வீட்டுச் சாதனங்களோடு பெட்டிக்குள் வரும் கையேடுகளை எழுதுவது எங்கள் வேலை. சியோல் அலுவலகத்தைக் காலி செய்த பிறகு குழுவில் இருந்த ஆறு பேரும் அவரவர் வீட்டிலிருந்தே எழுதினோம். நான் குழுத் தலைவி. எச்சரிக்கைப் பகுதி முழுக்க கிசோக்குடையது. நாற்பத்தெட்டு வயது, தனி ஆள், குன்சான் நகரில் ஒரு மூன்றாம் மாடி வீடு. 'நீராவி வரும் துளைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோகாதீர்கள்' என்ற ஒரே வரிக்கு அரை நாள் எடுத்துக்கொள்வார். கொடுத்த பிறகு அதில் ஒரு சொல்லை மாற்ற முடியாது.

வீட்டில் இருப்பவர்கள் வேலை செய்கிறார்களா என்று எப்படித் தெரியும் என இயக்குநர் கேட்டார். எல்லோருடைய கணினியிலும் ஒரு மென்பொருளைப் போடலாம் என்று நான்தான் சொன்னேன். மவுஸ் பத்து நிமிடம் அசையாமல் இருந்தால் பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடும். காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை யார் எத்தனை நிமிடம் மஞ்சளாக இருந்தார்கள் என்ற பட்டியல் வெள்ளிக்கிழமைதோறும் எனக்கு வரும். முதல் மூன்று பட்டியலிலும் கிசோக்தான் முதலிடம். போன் செய்தேன்.

"செவ்வாய்க்கிழமை மட்டும் ரெண்டரை மணி நேரம் மஞ்சள்ல இருந்திருக்கீங்க, கிசோக்."

"யோசிச்சுக்கிட்டு இருந்தேன் தலைவரே. ஜன்னல் பக்கம் நின்னுதான் எனக்கு யோசனை வரும். கை ஆடாது."

"யோசிங்க, வேணாங்கல. மவுஸை ஆட்டிக்கிட்டே யோசிங்க."

"மூளைக்கும் மவுஸுக்கும் நடுவுல ஒரு கம்பி இழுத்துக் குடுங்க, ஆட்டுறேன்" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார்.

அடுத்த வாரத்திலிருந்து அவர் பெயரில் ஒரு மஞ்சள் நிமிடம்கூட இல்லை. சொன்னால் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் புதன்கிழமை காலை பத்து மணிக்கு, குக்கர் கையேட்டுக்கான பகுதி எப்போது வரும் என்று அவருக்கு எழுதினேன். பதில் இல்லை. மூன்று மணிக்கு மறுபடி எழுதினேன். புள்ளி பச்சையாக இருந்தது. என்மேல் இன்னும் கோபம் போலிருக்கிறது, வேண்டுமென்றேதான் பதில் போடவில்லை என்று எடுத்துக்கொண்டேன். எனக்கும் கோபம் வந்தது.

மறுநாள் பத்தரைக்கு யேரின் கூப்பிட்டாள். குழுவிலேயே சின்னவள். கிசோக் எழுதுவதற்கு ஏற்ற படங்களை வரைபவள்.

"தலைவரே, கிசோக் அண்ணன் நேத்திலேர்ந்து எனக்கு ஒரு வார்த்தை அனுப்பல."

"பச்சைலதானே இருக்காரு. வேலை பாக்குறாரு, விடு."

"பச்சை இருக்கு. ஆளைக் காணோமே. நான் என்ன படம் போட்டாலும் 'இந்தக் கைக்கு ஆறு விரலா'ன்னு ஒரு கிண்டலாவது வரும். நேத்து நாலு படம் போட்டேன். ஒண்ணுமே வரல. போனும் அடிச்சுக்கிட்டே இருக்கு, எடுக்கல."

அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. அவசர உதவிக்கான 119-க்கு அடித்தேன். வீடு எங்கே என்று கேட்டார்கள்.

எனக்குத் தெரியவில்லை. பதினோரு வருடம் என்னோடு வேலை செய்தவர். ஆள் சேர்ப்புப் பிரிவில் இருந்தது அவருடைய பழைய சியோல் முகவரி. மற்ற நான்கு பேரையும் கேட்டேன். குன்சான், அவ்வளவுதான் எல்லோருக்கும் தெரிந்தது. கடைசியில் யேரினுக்குத்தான் தோன்றியது. சோதித்துப் பார்க்க அவருக்குக் குக்கர் அனுப்பினோமே, கூரியர் சீட்டு இருக்குமே என்றாள். அதைத் தேடி எடுக்க இருபது நிமிடம் ஆயிற்று.

கதவை உடைத்து உள்ளே போன தீயணைப்பு வீரர் பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டார். "உயிர் இருக்குதும்மா. குளியலறை வாசல்ல கிடந்தாரு. பக்கவாதம் மாதிரி தெரியுது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறோம்." பிறகு, "வீட்ல வேற யாராவது இருக்காங்களா? மேசைல கம்ப்யூட்டர் தானா ஓடிக்கிட்டு இருக்குது. மவுஸை ஒரு சின்னத் தட்டு மேல வெச்சிருக்காரு, அது பாட்டுக்குச் சுத்துது" என்றார்.

யாரும் இல்லை என்றேன்.

சனிக்கிழமை பஸ் பிடித்துக் குன்சானுக்குப் போனேன். வார்டுக்கு வெளியே அவருடைய அக்கா உட்கார்ந்திருந்தார். மீன் சந்தையில் கடை வைத்திருப்பவர். ரப்பர் காலணியைக்கூட மாற்றாமல் வந்திருந்தார். கொண்டுபோன பழக்கூடையை வாங்கவில்லை.

"நாம்ஹீங்கறது நீங்கதானா?"

"ஆமாங்க."

"தம்பி சொல்லியிருக்கான். 'தலைவருக்கு நான் யோசிக்கிறது பிடிக்கலக்கா, அதான் மவுஸுக்கு ஒரு ராட்டினம் வாங்கிட்டேன்'னு. நானும் சிரிச்சேன். ரெண்டு பேருமா சேந்து சிரிச்சோம்." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "உடனே தூக்கிட்டு வந்திருந்தா கை பிழைச்சிருக்கும்னு டாக்டர் சொல்றாரு."

"தப்பு என்னோடதுதாங்க" என்றேன்.

"உங்களோடது மட்டும்னா நல்லா திட்டியிருப்பேன். நானும் அந்த ரெண்டு நாளும் அவனுக்கு போன் பண்ணல." பழக்கூடையை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். "உள்ள போங்க. அழுதுகிழுது வைக்காதீங்க."

கிசோக்கின் வலது கை அசைவில்லாமல் கிடந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் ஏதோ சொல்ல முயன்றார். மூன்றாவது தடவைதான் புரிந்தது. "குக்கர்... முடிஞ்சுதா?" என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை, அந்த மென்பொருளை எடுக்க வேண்டும் என்று இயக்குநரிடம் சொன்னேன். ஒரு விபத்துக்காக முறையையே மாற்ற முடியாது என்றார். அப்படியானால் வேறு தலைவரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். இரண்டு வாரம் இழுத்தடித்து, உங்கள் குழுவுக்கு மட்டும் என்று ஒத்துக்கொண்டார். மற்ற குழுக்களில் அது இன்றும் ஓடுகிறது.

அதற்குப் பதில் என்ன செய்வது என்று ஐந்து பேரும் பேசினோம். காலை ஒன்பதரைக்கு எல்லோரும் இணைய அழைப்பில் குரல் கொடுப்பது, முகம் காட்டுவது அவரவர் விருப்பம். சாயங்காலம் என்ன முடிந்தது, எங்கே மாட்டிக்கொண்டோம் என்று நாலு வரி எழுதுவது. யோசிக்கப் போகிறவர், போகிறேன் என்று ஒரு வரி போட்டால் போதும், யாரும் கணக்குக் கேட்கக் கூடாது. காலையில் குரல் வராவிட்டால் உடனே போன். எடுக்காவிட்டால் யாராவது நேரில் போயாக வேண்டும். ஒவ்வொருவருடைய முகவரியும், வீட்டுக் கதவைத் திறக்க அழுத்தும் பூட்டு எண்ணும் குழுவில் இன்னொருவரிடம் இருக்க வேண்டும்.

"இதுவும் ஒரு கண்காணிப்புதானே தலைவரே?" என்றாள் யேரின்.

"யார்கிட்ட குடுக்கறதுங்கறதை அவங்கவங்களே முடிவு பண்ணட்டும். யாருக்கும் குடுக்க மனசில்லைன்னா வேண்டாம்" என்றேன். அவள் முழுதாக ஒத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆனாலும் எழுதிக்கொண்டாள்.

எட்டு மாதம் கழித்து கிசோக் திரும்பி வந்தார். நாளுக்கு இரண்டு மணி நேரம், இடது கையால் மட்டும். பேச்சு பாதிதான் தெளிந்திருந்தது. வந்த அன்று புது ஏற்பாட்டை ஒவ்வொன்றாகச் சொன்னேன், அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பூட்டு எண்ணை யாரிடம் கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். கேட்கும்போதே என் பெயரை எதிர்பார்த்தேன் என்பதை மறைப்பானேன்?

"யே... ரின்" என்றார்.

சரி என்று குறித்துக்கொண்டேன். பிறகு அன்றைக்கு யாருக்கு என்ன வேலை என்று பேச ஆரம்பித்தோம்.