எட்டு வார மௌனம்

1998 மார்ச்சில் ஒரு காலை, சாதகம் செய்துகொண்டிருந்த தாராவின் குரல் மேல் ஷட்ஜத்தைத் தொடும் முன்பே நின்றுபோயிற்று. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி முயன்றாள். காற்றுதான் வந்தது. சமையலறையில் இருந்த கணவர் கிரிதருக்குக் கேட்டிருக்குமோ என்றுதான் முதலில் பயந்தாள்.

கிரிதர் வேலை பார்த்த தொழிற்சாலையை இழுத்து மூடி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதுமுதல் கல்கத்தாவின் சால்ட் லேக் பகுதியில் அவர்கள் குடித்தனம் நடந்தது அவள் பாட்டில்தான். வீட்டுக்கு வந்து கற்ற பிள்ளைகள் இருபத்திரண்டு பேர். தலைக்கு மாதம் நூற்றைம்பது ரூபாய். பரீட்சை வந்தால் பாதிப்பேர் நின்றுவிடுவார்கள், பணமும் நின்றுவிடும். கச்சேரி வருடத்துக்கு நாலைந்து. இரண்டாயிரம் தந்தால், வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் கொடுத்து டாக்ஸியில் வீடு வந்து சேரும்போது கையில் எண்ணூறு மிஞ்சும். அந்த ஊரில் அவளுக்குத் தெரிந்த மற்ற வித்வான்கள் எல்லோருக்கும் ஓர் ஆபீஸ் வேலை இருந்தது. சங்கீதத்தையே சம்பளமாக நம்பியவள் அவள் ஒருத்திதான்.

ரவிக்கைத் துணி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு கரியாஹாட் கடைத்தெருவில் ஒரு டாக்டரைப் பார்த்தாள். குரல் நாணில் சிறு கட்டி என்றார் அவர். எட்டு வாரம் பாடக்கூடாது, பேசவே கூடாது. மீறினால் ஆபரேஷன்தான், அதற்குப்பின் பழைய குரல் வரும் என்று உறுதி சொல்ல முடியாது.

அவர் எழுதித் தந்த சீட்டைக் கைப்பைக்குள் ஒளித்துவைத்தாள். சபாவில் அவள் பாட ஒப்புக்கொண்டிருந்த ராமநவமிக் கச்சேரிக்குப் பதினெட்டு நாள்தான் இருந்தது. வகுப்பில் மூத்த மாணவி மேக்னாவைப் பாடச் சொல்லி மற்றவர்களைப் பின்தொடர வைத்தாள். மேக்னாவின் அம்மா விஜயலக்ஷ்மி வாரந்தோறும் மூலையில் உட்கார்ந்து கேட்பவள். டீச்சர் ஏன் பாடுவதில்லை என்று ஒரு நாள் கேட்டாள். ஜலதோஷம் என்று சொல்லித் தப்பினாள் தாரா.

ஒத்திகைக்கு வயலின்காரர் வைத்தீஸ்வரன் வந்தார். துறைமுக ஆபீசில் வேலை, பத்து வருடமாக அவளுக்குப் பக்கவாத்தியம். மூன்றாவது பாட்டின் நடுவில் வில்லைக் கீழே வைத்தார்.

“எத்தனை நாளா இப்படி, தாரா?”

அவள் சுருதிப்பெட்டியை நிறுத்தினாள்.

“பக்கத்துல உக்காந்து வாசிக்கறவனுக்குத் தெரியாதாம்மா?”

இவர் சபா செயலாளரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்தது. சீட்டை எடுத்து நீட்டினாள். படித்துவிட்டு, கச்சேரியன்று அவள் இடத்தில் தான் தனி வயலின் வாசிப்பதாகவும் பணம் அவளுக்கே சேரட்டும் என்றும் சொன்னார். அவள் சீட்டின் பின்புறம் எழுதினாள்: ‘வேண்டாம். தெரிந்தால் பிள்ளைகள் போய்விடுவார்கள்.’

“மேடையில குரல் உடைஞ்சா மட்டும் குழந்தைகள் இருப்பாளா?”

அன்று மாலை கிரிதரிடம் சீட்டைக் கொடுத்தாள். அவர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு கோபப்படாமல், இருபத்திரண்டு வீட்டுக்கும் விஷயத்தைக் கடிதமாக எழுதினார். கடிதங்கள் போயின. ஒரே வாரத்தில் பதினைந்து பேர் நின்றார்கள்.

விஜயலக்ஷ்மி நேரில் வந்தாள். “நீங்க பாடாட்டா அவ எதைக் கேட்டுக் கத்துப்பா?”

நியாயமான கேள்விதான். தாரா சிறுவயதில் நாலு வருடம் வயலின் பயின்றிருந்தாள். வைத்தீஸ்வரனிடம் ஒன்றை இரவல் வாங்கி, மேக்னாவின் முன் ஒரு வரியை வாசித்துக் காட்டினாள். விரல் பிசகியது. அவமானத்தில் முகம் சுட்டாலும் மறுபடி வாசித்தாள். பெண் பிடித்துக்கொண்டு பாடியதும், விஜயலக்ஷ்மி மூலையில் போய் உட்கார்ந்தாள்.

கச்சேரியில் வைத்தீஸ்வரன் வாசித்தார். பணத்தில் பாதியை மட்டும் தாரா வாங்கிக்கொண்டாள். கிரிதர் ஒரு மருந்துக்கடையில் கணக்கெழுதப் போனார்.

எட்டு வாரம் முடிந்து, மெதுவாகப் பாடிப்பார்க்கலாம் என்றார் டாக்டர். மறுநாள் காலை சுருதிப்பெட்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். பத்து நிமிடம் வாய் திறக்கவே முடியவில்லை. குரல் இல்லையென்று தெரிந்துவிட்டால் என்ன செய்வது? அடுத்த அறையில் கிரிதர் மின்விசிறியை நிறுத்துவது கேட்டது. கண்ணை மூடி, கீழ் ஷட்ஜத்தை எடுத்தாள். கரகரத்தது, ஆனால் உடையாமல் நின்றது.

துர்கா பூஜை விடுமுறைக்குள் ஆறு பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். மற்றவர்கள் வேறு டீச்சரிடம் சேர்ந்துவிட்டிருந்தார்கள். நவராத்திரிக்கு நாற்பது நிமிடம் மட்டும் பாட ஒப்புக்கொண்டாள். கொடுத்தது அறுநூறு ரூபாய். அன்று மேடை ஏறி உட்கார்ந்தாள். வைத்தீஸ்வரன் வில்லைத் தூக்கிக் காத்திருந்தார். அவள் பாடத் தொடங்கினாள்.