சுத்தமாக இருந்த கொட்டடி

கிழக்கு வெளுப்பதற்குள் என் தள்ளுவண்டி மூன்று முறை நிரம்பிவிட்டது. மூத்திரத்தில் ஊறிய வைக்கோல் ஈயமாய்க் கனக்கும். நெடி கண்ணைக் கரிக்கும். ஒரு குதிரை நாளுக்கு எட்டுப் பத்து முறை லத்தி போடும். ஆளுக்கு நான்கு குதிரைகள் இருந்தபோது இடுப்பு தாங்கியது. இப்போது ஆறு.

பக்கத்துக் கொட்டடியை எட்டிப் பார்த்தேன். தரை துடைத்துவைத்ததுபோல் இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குள் வாரிவிட்டாளா? இவளுக்கு மட்டும் நாலு கையா?

அங்கே நின்றது என் ஓரகத்தி பார்த்துக்கொள்ளும் செம்பழுப்புக் குதிரை. என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்தவள். வீட்டில் மாமியார் அவள் கைப்பக்குவத்தைப் புகழ்வாள். லாயத்தில் முதலாளி அவள் குதிரையைப் புகழ்வார். அவள் காலடி கேட்டாலே அது கனைக்கும். என் ஆறும் என்னைக் கண்டால் பின்புறத்தைத்தான் காட்டும்.

ஒவ்வொரு கதவிலும் ஒரு பலகை, அதில் சாக்கட்டியால் பராமரிப்பவர் பெயர். குதிரைக்கு நோய் வந்தால் பெயருக்குரியவர் வேலையை விட்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்பது முதலாளி வைத்த சட்டம். அப்படி இருவர் போனார்கள். அதிலிருந்து அடுத்தவர் குதிரையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. உலர்புல்லைப் பாதியாகக் குறைத்து, தானியத்தைக் கூட்டியதும் முதலாளிதான்.

குதிரையின் இரைப்பை அதன் உடம்புக்கு மிகச் சிறியது. நாள் முழுக்கப் புல்லைக் கொறித்துக்கொண்டிருந்தால்தான் குடல் ஒழுங்காக அசையும். மனிதரைப்போல வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. உள்ளே போனது பின்வழியாக மட்டுமே வெளியே வர வேண்டும்.

அப்போதுதான் அவள் தள்ளுவண்டியைக் கவனித்தேன். சுவரில் சாய்ந்து, காய்ந்துபோய்க் கிடந்தது. லத்தி அள்ளும் வாரியில் ஒரு துரும்பு ஒட்டவில்லை. அவள் இன்னும் கடைசி வரிசையில்தான் இருந்தாள். அப்படியென்றால் இங்கே வாருவதற்கு எதுவும் விழவே இல்லை.

தொட்டியில் தானியம் தொடாமல் இருந்தது. குதிரை தன் வயிற்றையே திரும்பித் திரும்பிப் பார்த்தது. விலாவுக்குப் பின்னால் காதை வைத்தேன். நல்ல வயிற்றில் தூரத்தில் வண்டி உருளுவதுபோல் சத்தம் கேட்கும். ஒன்றுமில்லை. மறுபக்கம் வைத்தேன். அங்கும் இல்லை.

நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். பெயர் அவளுடையது. செம்பழுப்பு பிழைத்தால் என் கைக்கு வரும். வெட்கத்தோடுதான் சொல்கிறேன், அந்த ஆசையோடு கொஞ்சநேரம் நின்றேன். இப்போது வேறு குதிரை நிற்கும் கோடிக் கொட்டடியும் போன மாதம் இப்படித்தான் சுத்தமாக இருந்தது. பார்த்துவிட்டு, நமக்கென்ன என்று போனவள் நான். அந்தக் குதிரை செத்தது. அதன் ஆளும் வேலை இழந்து போனார்.

“அடியே, ஓடி வா! உன் குதிரை லத்தி போடல!”

வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். அவள் பார்வை முதலில் பலகைக்குத்தான் போனது.

“அக்கா, என் பேரு...”

“அதை விடு. தீனியை எடு. மெல்ல நடத்து, படுத்துப் புரள விடாத.”

லாயத்தில் எங்களோடு மிச்சமிருந்த இருவரில் மொட்டையண்ணன் ஓடிவந்து கழுத்துப் பட்டையைப் பிடித்தார். ஓயாமல் பேசுவதால் ஊமையன் என்று நாங்கள் பேர் வைத்தவர் மருத்துவருக்குப் போன் செய்தார். மருத்துவர் வந்து, குதிரையின் மூக்கு வழியாகக் குழாயை இரைப்பைக்கு இறக்கி எண்ணெய் ஊற்றினார். “புல்லு இல்லாம தானியமா திணிச்சா இப்படித்தான்” என்றார்.

நடத்திக்கொண்டே அவள் கேட்டாள்: “ஏன்க்கா சொன்ன? இது உனக்கு வந்திருக்குமே.”

“எனக்கு வயித்தெரிச்சல் இல்லேன்னா சொன்னேன்? அது இருக்கு. அதுக்காக உன்னை வீட்டுக்கு அனுப்பிட்டு, நாளைக்கு நான் யாரைப் பாத்து எரிய?”

அழுதுகொண்டே சிரித்தாள்.

முதலாளி வந்தார். “யார் பேரு இருக்கு?”

நான் சாக்கட்டியை எடுத்து அவள் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதினேன். கட்டியை மொட்டையண்ணன் வாங்கினார். பிறகு ஊமையன்.

“என்ன விளையாட்டு இது?”

“பேரு கேட்டீங்களே ஐயா, இருக்கு” என்றார் மொட்டையண்ணன். “எல்லாக் கதவுலயும் எழுதப்போறோம். பழைய அளவு புல்லு வரணும். போன ரெண்டு பேரும் திரும்பி வரணும். அதுவரைக்கும் தீனி, தண்ணி எல்லாம் பாத்துப்போம். சேணம் மட்டும் எந்தக் குதிரைமேலயும் ஏறாது, சவாரி கிடையாது.”

“நாலு பேரையும் தூக்கிடுவேன்!”

“தூக்குங்க. இருபத்துநாலு கொட்டடி, சாயங்காலத்துக்குள்ள லத்தியால நெறஞ்சிடும். வாரி அங்க இருக்குங்க” என்றார் ஊமையன். அவர் சுருக்கமாகப் பேசி நாங்கள் கேட்டது அன்றுதான்.

முதலாளி வாரியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். புல் வண்டி வரவில்லை. மதியத்துக்குள் இருபத்துநான்கு பலகைகளிலும் நான்கு பெயர்கள். வேலை இழந்த இருவருக்கும் இடம் விட்டு எழுதினோம்.

வெயில் சாயும்போது செம்பழுப்பு வாலைத் தூக்கியது. பொத்தென்று லத்தி விழுந்தது. நால்வரும் கூவினோம்.

வாரியை நான்தான் முதலில் பிடித்தேன். அவள் மறுமுனையைப் பற்றி இழுத்தாள்.

“விடுக்கா, என் குதிரை.”

“பலகையைப் படிடி” என்றேன்.