போங்கா மூச்சு விடாது

ஜான் அந்த சி.டி.யைக் கொடுத்தது 2005 மழைக்காலத்தில். என்னோடு படித்த ப்ரீதியின் ராக் பேண்டில் அவன் கத்துகிறவன். கல்லூரியில் அப்படித்தான் சொல்வோம். ரமேஷ் பாடுவான், ஜான் கத்துவான். சி.டி.யின் மேல் மார்க்கரில் ‘வேல்ஸ், ரெண்டாவது’ என்று மட்டும் எழுதியிருந்தது. வேல்ஸ் நாட்டு பேண்ட் அது; பெயர் நீளம். நாங்கள் வேல்ஸ்காரர்கள் என்றே அழைத்தோம்.

அவர்களுடைய முதல் ஆல்பத்தையும் கேட்டிருந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு அழுகிற மாதிரி இருக்கும். இரண்டாவதில் அதே ஆட்கள் கதவைத் திறந்துகொண்டு தெருவில் ஓடினார்கள். ஒரு பாட்டு முடிந்து மூச்சு வாங்குவதற்குள் அடுத்தது தொடங்கிவிடும். ஒருவன் பாட, இன்னொருவன் அவன் மேலேயே கத்துவான். சண்டை போல் தெரியும், ஆனால் இருவரும் ஒரே பக்கம்தான் ஓடுகிறார்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து டிஸ்க்மேனில் கேட்டால் இறங்கவேண்டிய சிவாஜிநகர் வருவதே தெரியாது.

“என்னம்மா அது, எப்பவும் காதுல?” என்று அப்பா கேட்டார்.

“வேல்ஸ் பாட்டுப்பா.”

“வேலா? முருகன் பாட்டா? கேளு, கேளு.”

நான் மறுக்கவில்லை.

அப்பாவுக்குக் கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. நாங்கள் குவார்ட்டர்ஸில் இருந்தோம். காலையில் தொழிற்சாலைச் சங்கு ஊதும். மராத்தியில் அதற்குப் போங்கா என்று பெயர். எங்கள் வரிசைத் தமிழர்களும் அப்படித்தான் சொன்னோம். விழுப்புரத்திலிருந்து வந்த புதிதில் அது தன்னைப் ‘போங்க, போங்க’ என்று விரட்டுவதாகவே அப்பா நினைத்தாராம்.

நான் கத்தக் கற்றுக்கொண்டது போங்காவிடம். மொட்டை மாடியில் துணி காயப்போடுகிற சாக்கில் நிற்பேன். அது ஊதத் தொடங்கியதும் நானும் கத்துவேன். அது நிற்கும்போது நிறுத்துவேன். யாருக்கும் கேட்காது. எனக்கே கேட்காது. தொண்டையில் அதிர்வு மட்டும் தெரியும்.

அந்தக் குளிர்காலத்தில் ஜானுக்கு ஹிஞ்சேவாடியில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. மத்தியானம் கம்பெனி வண்டி வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். பிப்ரவரியில் கல்லூரி விழா; பேண்டில் கத்த ஆள் இல்லை. கேன்டீனில் ப்ரீதி என் எதிரே வந்து உட்கார்ந்தாள். அவளுடைய தமிழ் வீட்டுக்குள்ளே மட்டும் வளர்ந்தது; ஹிந்தி ‘யார்’, நம் ‘டி’ மாதிரி, எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்ளும்.

“தீபா, உனக்கு அந்த ஆல்பம் ஃபுல்லா தெரியும்ல? நீ கத்து யார்.”

“நான் வைவாவிலேயே பேச மாட்டேன்.”

“பேச வேணாம். கத்து, அவ்ளோதான்.”

மறுநாள் சரி என்றேன். அந்த மேடை எனக்கு வேண்டும். அவ்வளவு வேண்டும் என்று அதுவரை எதையும் நினைத்ததில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ப்ரீதியும் டிரம்ஸ் வாசிக்கிற ஷ்ரேயஸும் என் குரலைக் கேட்க எங்கள் மாடிக்கு வந்தார்கள். அப்பா டியூட்டியில் இருந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன். முதல் முறையாக என் குரல் எனக்குக் கேட்டது. ஒரே சுருதியில், நீளமாக, இறங்காமல்.

கண்ணைத் திறந்தபோது கீழே கதவுகள் திறந்துகொண்டிருந்தன.

வேளை கெட்ட வேளையில் போங்கா நீளமாக ஊதினால் உள்ளே விபத்து என்று அர்த்தம். குவார்ட்டர்ஸில் குழந்தைக்கும் அது தெரியும். பக்கத்து வீட்டு ஆரோக்கியமேரி அக்கா, கையில் ஒட்டிய மாவோடு, செருப்பில்லாமல் தொழிற்சாலை கேட்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள். அவள் கணவர் அந்தோணி வெடிமருந்து நிரப்புகிற பிரிவில் வேலை செய்தார். அவள் பின்னால் இன்னும் நாலைந்து பெண்கள்.

“க்யா ஹுவா, என்னாச்சு?” என்று ப்ரீதி சிரித்தாள். நான் படிகளில் இறங்கி ஓடினேன்.

“அக்கா, நில்லுங்க. நான்தான்.”

“என்னாடி நாந்தான்?”

“நான்தான் கத்துனேன். போங்கா இல்ல.”

அவள் என்னையே பார்த்தாள். பிறகு சாக்கடைத் திட்டில் உட்கார்ந்தாள். மாவு கையை மடியில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“தொண்டையா அது, மிஷினா?” என்றாள் வந்தவர்களில் ஒருத்தி. மற்றவர்கள் சிரித்தார்கள். ஆரோக்கியமேரி அக்கா சிரிக்கவில்லை.

“உங்கப்பன் வரட்டும்,” என்றாள்.

அப்பா வந்து, சட்டையைக் கழற்றி மாட்டினார். “இங்க கத்தாத,” என்றார் பிறகு. “கத்தணும்னா வேற எங்கனாச்சும் போய்க் கத்து.”

ப்ரீதியிடம் என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன். வாயைத் திறந்தாலே அந்த மாவு கை ஞாபகம் வந்தது.

ஆனால் ஆல்பத்தை விட முடியவில்லை. ஒரு நாள் பஸ் சிக்னலில் நின்று எஞ்சின் அணைந்தபோது, இதுவரை கேட்காத ஒன்று கேட்டது. கத்துகிறவன் வரியின் நடுவே மூச்சு இழுக்கிறான். கனமான வாளியைத் தூக்குவதற்கு முன்பு இழுக்கிற மாதிரி, சின்ன சத்தம். பாட்டைப் பின்னால் ஓட்டி ஓட்டிக் கேட்டேன். எல்லா வரியிலும் இருந்தது. போங்காவுக்கு மோட்டார். அது மூச்சு விடாது. நான் கத்தக் கற்றது அதனிடமிருந்து, இவனிடமிருந்து இல்லை.

ப்ரீதி வீட்டுக்குப் போய் “இன்னும் ஆள் கிடைக்கலையே?” என்று கேட்டேன்.

கராடியில் ஷ்ரேயஸின் மாமா கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தில், சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவே பாடிப் பழகினோம். இன்று அது கண்ணாடி பதித்த அலுவலகம். தினமும் அதைக் கடந்துதான் வேலைக்குப் போகிறேன். அங்கே நடுவில் மூச்சு விட்டுக் கத்தினால் குரல் உடைந்தது. இறங்கி, கரகரத்து, முடிவில் தள்ளாடியது.

“முன்னாடி பெட்டரா இருந்துச்சு யார்,” என்றாள் ப்ரீதி.

“முன்னாடி பயமா இருந்துச்சு,” என்றான் ஷ்ரேயஸ். “இதுல ஒரு ஆள் இருக்கு.”

விழாவில் நான் கூட்டத்தைப் பார்க்கவில்லை. ப்ரீதியின் ஷூவைப் பார்த்துக்கொண்டே கத்தினேன். என் மூச்சை மைக் பிடித்துப் பெரிதாக்கியது. கத்தலைவிட அதுதான் வெட்கமாக இருந்தது. ஆனாலும் விட்டு விட்டு, விட்டு விட்டு, பாட்டு முடியும்வரை கத்தினேன். பரிசு, ஹிந்திப் பாட்டு வாசித்தவர்களுக்குப் போனது. ஜான் கம்பெனி வண்டியைத் தவறவிட்டு வந்து, கடைசி வரிசையில் நின்றிருந்தானாம்.

அதன் பிறகு நான் மேடை ஏறியதில்லை. ஏறச் சொல்லிக் கேட்கவும் யாரும் இல்லை. பட்டம் வாங்கியதும் ஆளுக்கொரு பக்கம் போனோம்.

விழாவுக்குப் பிறகு சில நாட்கள் குரலே இல்லை. வழக்கமாகவே பேசாதவள் என்பதால் யாரும் கவனிக்கவில்லை. அப்பா மட்டும் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

“விழாவுல ஜனம் இருந்துச்சா?”

தலையசைத்தேன்.

“நெறையா?”

அதற்கும் அசைத்தேன்.