கைப்பிடி எந்தப் பக்கம்

கால் முறிந்ததிலிருந்து ரமணிக்கு சன்னலோரக் கட்டிலே உலகமாகிவிட்டது. செந்தூல் அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில் புழுக்கத்துக்குக் குறைவில்லை. பழைய நாக்கோ சன்னலின் பிடி துருவேறி இறுகிக் கிடந்ததால், கண்ணாடிப் பட்டைகளை ஒவ்வொன்றாகக் கணவர் பாலன்தான் வந்து தள்ளித் திறக்க வேண்டும்.

"எழுப்பி உட்கார வைக்க நீங்க, குளிக்க வைக்க நீங்க. ஒரு சன்னலையாவது நானே திறந்து மூடக்கூடாதா?" என்றாள் ஒருநாள்.

மனைவியின் அந்தச் சொல் அவரைத் தைத்தது. மறுநாளே செலாயாங்கில் விமலனின் கண்ணாடிக் கடைக்குப் போனார்.

"ஸ்லைடிங்கா, கேஸ்மென்ட்டா அங்கிள்?"

"கதவு மாதிரி வெளியே திறக்குமே, அது."

"அதான் கேஸ்மென்ட்." விமலன் ஒரு மாதிரிச் சன்னலைக் காட்டினான். சுவரில் பதிவது ஃப்ரேம். கண்ணாடியோடு திறந்து மூடுவது சாஷ். ஒரு பக்கம் கீல், எதிர்ப்பக்கம் கைப்பிடி. காற்றில் அடித்துக்கொள்ளாமல் பிடிப்பது ஸ்டே. பாலன் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"டெஸ்ட்லாம் வைக்க மாட்டேன் லா அங்கிள்," என்று சிரித்தான் விமலன். "கைப்பிடி எந்தப் பக்கம்?"

ரமணி தலை வைக்கும் பக்கம், அதாவது இடது பக்கம். மாதிரிச் சன்னலிலும் கண்ணாடி வழியே கைப்பிடி இடதுபுறம் தெரிந்தது. "அப்படியே இதே மாதிரி!" என்றார்.

ஆட்கள் வந்து பொருத்திவிட்டுப் போன பிறகுதான் தெரிந்தது, கைப்பிடி அவள் கால்மாட்டில் இருந்தது. கடையில் தான் சன்னலின் வெளிப்பக்கம் நின்று பார்த்தது அப்போதுதான் பாலனுக்கு உறைத்தது. தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"நான் ஒரு மடையன், ரமணி."

"அது கல்யாணத்தன்னைக்கே தெரியும். தலையணையை அந்தப் பக்கம் போடுங்க."

"அது வடக்காச்சே! வடக்கே தலை வைக்கலாமா?"

"படுக்கத்தானே கூடாது? பகல்ல சாஞ்சு உட்கார வடக்கென்ன, தெற்கென்ன?"

மெல்லத் தூக்கி, காலைப் பார்த்து, மறுபக்கம் திருப்பி உட்கார வைத்தார். அவள் கை நீட்டினாள். கைப்பிடி எட்டியது. சாஷ் வெளியே விரிய, கீழே யாரோ யாரையோ திட்டும் சத்தம் காற்றோடு உள்ளே வந்தது. அவள் கண் மூடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மாலையில் தூறல் போட்டது. அடுப்படியிலிருந்து கரண்டியும் கையுமாக ஓடி வந்தார் பாலன்.

"வராதீங்க, அங்கேயே நில்லுங்க!" என்றாள்.

சன்னலை இழுத்து மூடினாள். நனைந்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "போங்க, குழம்பு தீயுது," என்றாள்.